டர்பனில் ஒரு சின்னப் பவளத் தொட்டி: தண்ணீரில் எதைப் போடுவது, எதைப் போடாமல் இருப்பது

தூத்துக்குடியில் பிறந்தவன் வாளி வாளியாக உப்பை விலைக்கு வாங்கித் தண்ணீரில் கரைக்கிறான் என்றால் ஊரில் சிரிக்கத்தான் செய்வார்கள். துறைமுக வேலைக்காக டர்பன் வந்த இரண்டாம் வருஷம் நான் அதைத்தான் செய்தேன். 120 லிட்டர் கண்ணாடித் தொட்டி. அதில் நீமோ மீன் இரண்டு, நத்தை ஐந்தாறு, மென்பவளம் நாலைந்து கொத்து, சுண்ண எலும்புக்கூடு கட்டும் கல்பவளம் இரண்டே இரண்டு. உயிர்கள் அவ்வளவுதான். ஆனால் முதல் ஆறு மாதத்தில் நான் அதில் ஊற்றிய பாட்டில்களை வரிசையாக வைத்தால் ஒரு சின்ன மருந்துக்கடையே வைக்கலாம்.

பிரச்சினை தொட்டியில் இல்லை, என் கையில்தான் இருந்தது. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை பவளம் நெருக்கியடித்து வளரும் பெரிய தொட்டிகளுக்கு எழுதியவை. நம்மைப்போல் கொஞ்சம் உயிர்களை வைத்திருப்பவர் அதைப் பின்பற்றினால் பசியில்லாத பிள்ளைக்கு மூன்று வேளையும் திணித்த கதைதான். நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். கணக்குகள் எல்லாம் 100 லிட்டர் தண்ணீருக்கு. கல்லும் மணலும் இடத்தை அடைத்துக்கொள்வதால் 120 லிட்டர் தொட்டியில் உண்மையில் நிற்பது ஏறக்குறைய அவ்வளவுதான்.

1. கடைக்குப் போகும் முன்: காகிதங்கள்

கல்பவளங்கள் எல்லாமே சைட்டீஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ராட்சதச் சிப்பியும் அதில்தான். நாட்டு எல்லை தாண்டி வந்தால் அனுமதிப் பத்திரம் இருந்தாக வேண்டும். அதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார், ஆனால் நீங்கள் வாங்கும்போது இனத்தின் பெயரும் தேதியும் போட்ட ரசீது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும்போதோ, பவளத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதோ அது கையில் இருப்பது நல்லது.

தென்னாப்பிரிக்கக் கடலில் அனுமதியில்லாமல் பவளத்தைப் பெயர்க்கவும் முடியாது, செத்துக் கிடப்பதைப் பொறுக்கவும் முடியாது. அஞ்சலகத்தில் வாங்கும் பொழுதுபோக்கு மீன்பிடி அனுமதிச்சீட்டு இதற்கு உதவாது. சொட்வானா பேக்கு டைவிங் போய்விட்டுக் கையில் ஒரு துண்டோடு வரலாம் என்று நினைக்காதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. ஊரிலிருந்து கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளங்கள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரையில் பொறுக்கிய காய்ந்த துண்டு ஒன்று பெட்டியில் இருந்தாலும் விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர், கல், மேசை எல்லாம் சேர்த்து 150 கிலோவைத் தாண்டும்.

2. செலவு

நான் வாங்கியபோது ஆன கணக்கு இது, கடைக்குக் கடை மாறும். ஆர்.ஓ. வடிகட்டி, கடைசியில் மிச்சத் தாதுக்களைப் பிசினால் பிடிக்கும் டி.ஐ. குழாயுடன், சுமார் 2,500 ராண்ட். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 600. அல்கலினிட்டி (என்னவென்று 7ஆம் பகுதியில் சொல்கிறேன்), கால்சியம், நைட்ரேட், பாஸ்பேட் என நான்கு டெஸ்ட் கிட் சேர்ந்து 1,600. 20 கிலோ உப்பு வாளி 1,500. கிராம் கணக்கில் நிறுக்கும் சின்னத் தராசு 200. ஆக 6,400 ராண்ட். தொட்டி, விளக்கு, பம்பு எல்லாம் தனி.

இவற்றுக்கு மேல் ஒரு கடையில் 'ரீஃப் தொடக்கத் தொகுப்பு' என்று எட்டு பாட்டில்களைத் தலையில் கட்டினார்கள், 1,900 ராண்ட். ஸ்ட்ரான்ஷியம், அயோடின், அமினோ அமிலம், இன்னும் என்னென்னவோ. எதை அளந்து பார்க்க உங்களிடம் கிட் இல்லையோ அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அந்தப் பணத்தை ஆர்.ஓ.வில் போடுங்கள்.

உப்பு வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. பெரிய வாளி கிலோவுக்கு மலிவுதான். ஆனால் வாரம் 10 லிட்டர் மாற்றினால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோதான் செலவாகும், வாளி ஒரு வருஷம் வரும். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் உப்பு பாறையாகிவிடும். என்னுடையது ஆனது. இரண்டு கிலோவாகப் பிரித்துக் கெட்டியான பைகளில் கட்டிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

3. குழாய்த் தண்ணீர் வேண்டாம், கடல்நீரும் அவசரப்பட்டு வேண்டாம்

குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதுதான், பவளத்துக்கு ஆகாது. குளோரின், பாஸ்பேட், குழாயிலிருந்து வரும் செம்பு எல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். ஆர்.ஓ., டி.ஐ. தாண்டி வரும் தண்ணீரில், கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏறத் தொடங்கினால் டி.ஐ. பிசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தண்ணீரில் குளோரமைன் என்ற கிருமிநாசினி வரும், அதற்கு ஏற்ற கரி வடிகட்டி கேட்டு வாங்குங்கள்.

'கடல் வாசலிலேயே இருக்கும்போது உப்பு எதற்கு?' என்று டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் மாமா ஒருவர் இன்றும் என்னைக் கேலி செய்வார். அவர் நாற்பது வருஷமாகக் கடல்நீர்தான் எடுக்கிறார், அவர் மீன்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எந்தக் கரையில், எந்தக் காற்றில், மழை விட்டு எத்தனை நாள் கழித்து எடுப்பது என்பது அவருக்கு அத்துபடி. புதிதாக வந்த நமக்கு அது தெரியாது. உம்கெனி ஆறு கலக்கும் ப்ளூ லகூன் பக்கம் மழைக்குப் பிறகு எடுத்தால் உப்பும் குறைவாக இருக்கும், சாக்கடையும் கலந்திருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கடற்கரைகளை மூடியது இங்கே இருந்தவர்கள் யாருக்கும் மறக்காது. முதல் வருஷம் உப்பு வாளியே போதும்.

4. உப்புக் கரைப்பது

சமையல் உப்பும் ஆகாது, நம் ஊர்ப் பரலுப்பும் ஆகாது. உப்பளத்துக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணமும் ஜிப்சமும் முதலிலேயே படிந்துவிடும், அப்புறம்தான் உப்பு விளையும், மெக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். பவளத்துக்கு வேண்டியவற்றைக் கழித்துவிட்டுத்தான் நாம் பரலுப்பை வாருகிறோம்.

10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு 360 முதல் 380 கிராம் கடல்தொட்டி உப்பு. தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். ஒரு சின்னப் பம்பைப் போட்டு ஓட்டி, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் அளந்து பாருங்கள். ஆயிரத்துக்கு 35 என்று காட்ட வேண்டும், 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026.

ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். 35 பங்கு என்று குறித்த அளவுத் திரவத்தை வாங்கிப் பார்த்தபோதுதான் என் கருவி இரண்டு பங்கு கூட்டிக் காட்டியது தெரிந்தது. அத்தனை மாதமும் தொட்டி 33லேயே கிடந்திருக்கிறது. அந்தத் திரவம் ஒரு சின்னப் பாட்டில்தான், வாங்கிவிடுங்கள்.

5. முதல் ஆறு வாரம்: பொறுமை

கல்லிலும் மணலிலும் பாக்டீரியா குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 ஆகும்வரை மீன் வேண்டாம். அதன்பின் மீன், அப்புறம் ஒரு மாதம் கழித்து மென்பவளம், கல்பவளம் கடைசியில். இந்தக் காலத்தில் கால்சியம் அளந்து என்ன செய்யப் போகிறீர்கள்? கிட்டைத் திறக்காதீர்கள், திறந்தால் காலாவதி நாள் நெருங்கும்.

6. ஆவியாகும் தண்ணீர்

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கும். ஆகவே ஈடு செய்ய ஊற்றுவது வெறும் ஆர்.ஓ. தண்ணீர். புதியவர்கள் இங்கே உப்புநீரை ஊற்றிக் கெடுப்பது வழக்கம்.

என் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் போகிறது. நான்கு நாள் விட்டால் 35 என்பது 36.5 ஆகிவிடும். டிராகன்ஸ்பெர்க் மலைக்கு ஒரு நீண்ட வாரஇறுதி போய்வந்தாலே அவ்வளவுதான். கோடையில் சூட்டைக் குறைக்க மேலே மின்விசிறி வைத்தால் இன்னும் வேகமாக வற்றும். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவைத்துத் தினமும் காலையில் அதுவரை நிரப்புங்கள். தானாக நிரப்பும் கருவி பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

7. அல்கலினிட்டி: இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அல்கலினிட்டி என்பது, எளிதாகச் சொன்னால், தண்ணீரில் பவளம் எலும்புக்கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் பைகார்பனேட்டின் இருப்பு. அதை அளக்கும் அலகு டி.கே.எச். இயற்கைக் கடல்நீரில் 7 டி.கே.எச். அளவில் இருக்கும். தொட்டியில் 7 முதல் 9க்குள் எங்காவது ஓர் இடத்தில் அசையாமல் நின்றால் போதும். சில கிட் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் சொல்லும், அதை 17.9ஆல் வகுத்தால் டி.கே.எச். கிடைக்கும். நான் ஒருமுறை வகுக்க மறந்து பயந்தே போனேன்.

இப்போது என் தவறு. கிட் 7.5 காட்டியது. ஒரு பட்டியலில் 11 நல்லது என்று போட்டிருந்தது. பாட்டிலில் எழுதிய அளவுப்படி தினமும் ஊற்றினேன், ஒரே வாரத்தில் 12. கல்பவளத்தின் ஓரமெல்லாம் சதை பின்வாங்கி வெள்ளை எலும்பு தெரிந்தது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கும் தொட்டியில் அல்கலினிட்டியை மேலே ஏற்றினால் இப்படி நுனி கருகுவது பலரும் கண்டது. குறைவான உயிர்கள் உள்ள தொட்டி பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? பவளம் வைத்து ஒரு மாதம் ஆனதும் இரண்டு வாரத்துக்கு எந்த மருந்தும் ஊற்றாமல், தண்ணீரும் மாற்றாமல், மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். என் தொட்டியில் 8.2இல் தொடங்கி இரண்டு வாரத்தில் 7.4க்கு வந்தது. வாரத்துக்கு 0.4 செலவு.

இதை ஏன் தினமும் அளக்கக் கூடாது? சொட்டுவிடும் கிட் பலவற்றில் ஒரு சொட்டின் வித்தியாசமே 0.3, 0.5 என்று இருக்கும், சிலவற்றில் ஒரு சொட்டு என்பதே 1 டி.கே.எச். உங்கள் தொட்டி ஒரு நாளில் செலவழிப்பது 0.06. அது கிட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துபோகும். இன்று 7.8, நாளை 7.4 என்று காட்டினால் தொட்டி குறையவில்லை, உங்கள் சொட்டுதான் மாறியிருக்கிறது. அதைப் பார்த்து மருந்து ஊற்றினால் அடுத்த நாள் 8.4 காட்டும், அப்புறம் தூக்கம் போகும். மாதிரித் தண்ணீரை இரட்டிப்பாக எடுத்து, வரும் விடையைப் பாதியாக்கினால் கிட் இரண்டு மடங்கு நுணுக்கமாகும். இதை எனக்குச் சொன்னவர் அதே ஃபீனிக்ஸ் மாமாதான்.

கால்சியத்துக்கு இதைவிடக் குறைந்த வேலை. பவளம் 1 டி.கே.எச். எடுக்கும்போது கால்சியம் 7 பி.பி.எம். அளவுக்குத்தான் எடுக்கும். வாரம் 0.4 செலவென்றால் கால்சியம் வாரத்துக்கு 3 பி.பி.எம். இதை எந்த வீட்டுக் கிட்டாலும் பிடிக்க முடியாது. மாதம் ஒருமுறை பாருங்கள், 400க்கும் 440க்கும் நடுவில் இருந்தால் மூடிவையுங்கள். மெக்னீசியம் 1,280 முதல் 1,350. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்துப் பார்த்தாலும் போதும்.

8. குறைகிறது என்று உறுதியான பிறகு

முதலில் உங்கள் உப்பின் அல்கலினிட்டி எவ்வளவு என்று கரைத்த தண்ணீரில் அளந்து பாருங்கள். வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால், தொட்டிக்கும் புதுத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஏறும். உப்பு 11 ஆகவும் தொட்டி 7.5 ஆகவும் இருந்தால் ஏறுவது 0.35. என் செலவு 0.4. ஏறக்குறைய சரிக்குச் சரி, வேறு எதுவுமே தேவையில்லை! உப்பு 8 தான் என்றால் ஏறுவது வெறும் 0.05, மீதியை நாம் போட வேண்டும்.

அதற்குச் சமையலறை ஆப்பசோடா போதும். பேக்கிங் பவுடர் இல்லை, கலப்பில்லாத பேக்கிங் சோடா. 100 லிட்டரில் 1 டி.கே.எச். ஏற்ற 3 கிராம். ஆக வாரம் 0.4க்கு ஒன்றே கால் கிராம்கூட ஆகாது. நான் 1,900 ராண்ட் கொடுத்த இடத்தில் ஒரு சிட்டிகை! ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, பம்பின் நீரோட்டத்தில் மெதுவாக ஊற்றுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒரே நாளில் 1 டி.கே.எச்.க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இன்னொரு வழி சுண்ணாம்பு நீர். வெற்றிலைக்குத் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடாதீர்கள், அதில் வாசனையும் வேறு பொருள்களும் இருக்கலாம். தொட்டிக்கென்று விற்கும் தூளை ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு கிராம் போட்டு, கலக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுங்கள். தெளிந்த நீர் ஒரு லிட்டர் 100 லிட்டர் தொட்டியை 1.1 டி.கே.எச். ஏற்றும், கால்சியமும் சரியான விகிதத்தில் கூடவே வரும். எனக்குத் தினம் 50 மில்லி போதும், ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவதிலேயே அது அடங்கிவிடும். இரவில், சொட்டுச் சொட்டாக. கடும் காரம் என்பதால் மொத்தமாகக் கொட்டினால் பி.எச். தாவும். கையுறை போடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

கால்சியத் திரவத்தையும் சோடாக் கரைசலையும் அடுத்தடுத்து ஊற்றாதீர்கள். தொட்டிக்குள் பனிபெய்வது போல வெள்ளையாகும். ஊற்றிய இரண்டும் சுண்ணமாகிப் பம்பில் ஒட்டும். வேண்டியிருந்தால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

9. தண்ணீர் ரொம்பச் சுத்தமாகிவிட்டால்

இரண்டு மீனுக்கு, நுரையாக்கி அழுக்கை எடுக்கும் பெரிய ஸ்கிம்மரும் பாஸ்பேட் உறிஞ்சியும் போட்டேன். நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் மணல்மேல் பழுப்பாகச் சளி போலப் படர்ந்தது, நூல் நூலாக, நுனியில் காற்றுக்குமிழியோடு. பகலில் தடிக்கும், விளக்கணைந்தால் மறையும். டைனோஃபிளஜலேட் என்ற நுண்ணுயிர்! நத்தைகள் மூன்று செத்தன.

பவளத்துக்கும் சாப்பாடு வேண்டும். நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்று இருக்கட்டும். உறிஞ்சியை எடுத்தேன், ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டினேன், மீனுக்கு இரண்டு வேளை தீனி. போக இரண்டு மாதம் ஆனது. அதனால் தொடக்கத்திலேயே அந்த உறிஞ்சியை வாங்காதீர்கள்.

10. பி.எச்.

7.8 முதல் 8.4 வரை எங்கே இருந்தாலும் கவலை வேண்டாம். விடியற்காலையில் குறையும், மாலையில் ஏறும். ஜூலைக் குளிரில் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு நாலு பேர் உள்ளே மூச்சுவிட்டால் இன்னும் குறையும். மருந்து வேண்டாம், ஜன்னலைத் திறங்கள்.

11. கரண்ட் போனால், தண்ணீர் நின்றால்

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு இப்போது குறைந்திருக்கலாம், கேபிள் திருட்டும் டிரான்ஸ்பார்மர் வெடிப்பும் குறையவில்லை. பம்பு நின்றால் முதலில் குறைவது ஆக்சிஜன், அப்புறம் பி.எச். உயிர்கள் குறைவாக இருப்பது இங்கே நமக்குச் சாதகம். இரண்டு மணி நேரம் தாங்கும், நாலு மணி நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று இருக்கட்டும். அடியில் சம்ப் என்ற துணைத் தொட்டி வைத்திருப்பவர்கள் பம்பை வேண்டுமென்றே ஒருமுறை அணைத்து, மேலிருந்து இறங்கும் தண்ணீர் வழியாமல் நிற்கிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். நான் இதைக் கண்டுபிடித்தது இரவு இரண்டு மணிக்கு, ஈரக் கம்பளத்தில் கால் வைத்தபோது.

தண்ணீர் வெட்டுக்கு 25 லிட்டர் ஆர்.ஓ. எப்போதும் கையிருப்பில் வையுங்கள். குழாயில் தண்ணீர் திரும்ப வரும்போது முதல் அரை மணி நேரம் கலங்கலாக வரும். வடிகட்டியைத் திறக்காமல் அதை வெளியே ஓடவிடுங்கள், இல்லையென்றால் முதல் குழாயின் பஞ்சு ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும்.

12. ஊருக்குப் போகும்போது

டிசம்பரில் மூன்று வாரம் தூத்துக்குடி போகிறோம் என்றால் ஒரு மாதம் முன்பே ஏற்பாடு தொடங்க வேண்டும். புதுக் கருவி, புது உப்பு, புது மீன் எதையும் அந்த மாதத்தில் சேர்க்காதீர்கள். கிளம்ப இரண்டு நாள் முன்பு தண்ணீர் மாற்றி, அல்கலினிட்டி 8க்குச் சற்று மேலே இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் 0.4 என்றால் திரும்பி வரும்போது 7ஐ ஒட்டித்தான் இருக்கும், ஆகவே மருந்துப் பொறுப்பை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. தீனியை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டித் தேதி எழுதுங்கள். கோடு வரை ஊற்ற ஆர்.ஓ. தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டில்களில் நிரப்பி வரிசையாக வையுங்கள்.

போன வருஷம் மாமாதான் பார்த்துக்கொண்டார். தொட்டி கொஞ்சம் வாடினாற்போல் தெரிந்தால் அவர் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் சோடா, சுண்ணாம்பு, மிச்சமிருந்த அந்தப் பழைய பாட்டில்கள் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.